வரைபடம் எல்லார் கையிலும்

ஸ்காட்லாந்து மலைகளில் வழிகாட்டுவது என் பிழைப்பு. வார நாட்களில் சுற்றுலாப் பயணிகளையும் அலுவலகக் குழுக்களையும் பென் நெவிஸுக்கும் பென் லோமண்டுக்கும் கூட்டிப் போகிறேன். அவர்கள் என்னை நம்பி என் பின்னால் நடப்பார்கள். உச்சியில் படம் எடுத்துக்கொள்வார்கள். இருட்டுவதற்குள் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டால் என் வேலை முடிந்தது. வார இறுதிகளில் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. கிளாஸ்கோவில் நான் உறுப்பினராக இருக்கும் மலைநடை கிளப்பின் பயணங்களை நடத்திக் கொடுக்கிறேன். அதே மலை, அதே மழை. நோக்கம் மட்டும் நேர் எதிர். காசு கொடுத்து வருகிறவர்களுக்கு நான் இல்லாமல் முடியாது. கிளப்பில் இருப்பவர்களுக்கு நான் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்றுதான் உழைக்கிறேன்.

இங்கே மலைகளுக்கு வாசல் கிடையாது. நுழைவுச் சீட்டு, அனுமதிக் கடிதம், காவலாளி எதுவும் இல்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதில் பொறுப்போடு நடந்து போகவும், கூடாரம் போட்டுத் தங்கவும் எல்லாருக்கும் உரிமை கொடுத்தது. வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்ற சில இடங்களுக்குத்தான் விலக்கு. உலகத்தில் இவ்வளவு தாராளமான சட்டம் உள்ள நாடுகள் குறைவு. ஆனால் மேகத்துக்குள் நின்றுகொண்டு எந்தப் பக்கம் இறங்குவது என்று கண்டுபிடிக்கும் திறமையைச் சட்டம் கொடுக்காது. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறி வர வேண்டியது. அப்படிக் கைமாற்றிக் கொடுப்பதற்காகத்தான் கிளப்புகள் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த மரபு பழையது. கெய்ர்ன்கோர்ம் கிளப் 1887-ல் தொடங்கியது. ஸ்காட்டிஷ் மவுண்டனியரிங் கிளப் 1889-ல். அந்தக் கிளப்பின் இதழில்தான் 1891-ல் ஹ்யூ மன்ரோ, 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளின் பட்டியலை வெளியிட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள் இருக்கின்றன. அவற்றை ‘மன்ரோ’ என்றே அழைக்கிறோம். மன்ரோ, தான் போட்ட பட்டியலை முடிக்காமலேயே இறந்தார். எங்கள் கிளப்பில் பட்டியலை முடித்தவர்களும் உண்டு. எண்ணிப் பார்க்கவே பார்க்காதவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு வார இறுதிப் பயணங்கள்தான் இடம்.

அப்படி ஒரு மே மாதப் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். இடம் லோக் ஒசியன் ஏரி. அதன் மேற்குக் கரையில் ஒரு சிறிய தங்கும் விடுதி இருக்கிறது. அருகிலுள்ள பொதுச் சாலைக்கே 16 கிலோமீட்டர் போக வேண்டும். கார் வராது. ரயிலில் வந்து கொரவர் நிலையத்தில் இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுதான் காரணம். கார் இருந்தால் மழை வந்ததும் யாராவது ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கே பன்னிரண்டு பேரும் வெள்ளிக்கிழமை இரவு முதல் ஞாயிறு மாலை வரை ஒன்றாகவே இருந்தாக வேண்டும்.

பயணம் வீட்டு மேசையிலேயே தொடங்கிவிடும். ஸ்காட்டிஷ் மவுண்டனியரிங் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் எழுதிவைத்த கணக்கைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். மீட்டரில் சொன்னால், 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. சனிக்கிழமைக்கு நான் குறித்த பாதை ஏறத்தாழ 22 கிலோமீட்டர். ஏற்றம் கிட்டத்தட்ட 800 மீட்டர். கணக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் என்கிறது. இது நிற்காமல் நடப்பவருக்கான நேரம். சாப்பாடு, மழைச் சட்டை மாட்டுவது, சதுப்பைச் சுற்றிப் போவது, எல்லாரிலும் மெதுவாக நடப்பவரின் வேகம் இவற்றையெல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் என்று எழுதினேன். இந்தக் கணக்கை நான் போட்டு அனுப்புவதில்லை. வரைபடத்தின் நகலை அனுப்பி, ஒவ்வொருவரும் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். ரயிலில் ஏறியதும் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை மதியம் மலைகளுக்கென்று தனியாக வரும் வானிலை அறிக்கையைப் படிக்க வேண்டும். ஊருக்கான அறிக்கை இங்கே உதவாது. மலை அறிக்கையில் உச்சிக் காற்றின் வேகம், அந்தக் காற்றில் நடப்பது எவ்வளவு சிரமம், எந்த உயரத்தில் நீர் உறையும், மன்ரோக்கள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பது வரை இருக்கும். அந்த வாரம் சனிக்கிழமைக்கு வாய்ப்பு 20 சதவீதம், ஞாயிறுக்கு 80. பலர் முகம் வாடியது. எனக்கு மகிழ்ச்சி. முதல் நாள் மேகத்தில் நடந்து, மறுநாள் வெளிச்சத்தில் அதே நிலத்தைப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல வகுப்பு அமையாது.

கிளாஸ்கோ குயீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில் மூன்று மணி நேரம் ஓடும். ரானோக் சமவெளியைக் கடக்கும்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிச்சதுப்பும் சிறு குட்டைகளும்தான். 1894-ல் திறந்த இந்தப் பாதைக்குச் சதுப்பில் அடித்தளம் போட முடியவில்லை. மரவேர்களும் சுள்ளிகளும் பரப்பி, மேலே மண்ணும் சாம்பலும் கொட்டி, அந்தப் படுக்கையின் மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டிருக்கிறார்கள். கொரவர் நிலையம் 408 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டனின் பிரதான ரயில் பாதைகளில் இதுவே மிக உயரமான நிலையம். மே மாதம் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். விடுதிக்கு நடக்கும்போதே முதல் பாடத்தைத் தொடங்கினேன்: நூறு மீட்டருக்கு உங்கள் கால் எத்தனை எட்டு வைக்கிறது என்று எண்ணுங்கள். இடது கால் படும்போது மட்டும் எண்ண வேண்டும். சமதரையில் பெரும்பாலோருக்கு அறுபதிலிருந்து எழுபதுக்குள் வரும். அந்த எண்ணைக் கையிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மேகம் அறிக்கையில் சொன்னபடியே இருந்தது. ஏரிக்குத் தெற்கே இரண்டு மன்ரோக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: கார்ன் ஜாரக் 941 மீட்டர், ஸ்கோர் கைரே 955 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் மாம் பான் என்ற அகன்ற கணவாய். பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒருவர் பொறுப்பில் விட்டேன். அந்தத் துண்டு முடியும்வரை அவர்தான் தலைவர். நான் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் நடந்தேன். கூலி வேலையில் நான் முன்னால் நிற்க வேண்டும். இங்கே பின்னால் நின்றால்தான் எல்லாருடைய கால்களையும் தோள்களையும் பார்க்க முடியும். யார் தடுமாறுகிறார், யார் தண்ணீரே குடிக்கவில்லை, யார் பேச்சை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் பின்னாலிருந்துதான் தெரியும்.

பீட்டர்ஸ் ராக் நினைவுக்கல் வரைக்கும் நல்ல வண்டித்தடம். அதை விட்டு ஏறத் தொடங்கினால் ஹீதர் புதர்களும் கரிச்சதுப்பும். ஏறத்தாழ 700 மீட்டரில் மேகத்துக்குள் நுழைந்தோம். கார்ன் ஜாரக் உச்சியின் கற்குவியலைத் தொட்டபோது முப்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகடு அகலமானது. கத்தி முனையாக இருந்தால் அதுவே வழிகாட்டும். அகன்ற முகட்டில் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவுப் பக்கம் ஒதுங்கிப் போவது நமக்கே தெரியாது.

கணவாய்க்கு இறங்கும் துண்டு ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருடையது. அறுபது வயதைத் தாண்டியவர். பல ஆண்டுகளாக நடக்கிறார். ஆனால் எப்போதும் யாரோ ஒருவரின் பின்னால். கற்குவியலின் மறைவில் மண்டியிட்டு வரைபடத்தை முழங்காலில் விரித்தார். திசைகாட்டியின் நீள விளிம்பை உச்சியிலிருந்து கணவாய்க்கு வைத்தார். வட்டத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்கினார். முன்பெல்லாம் இந்த இடத்தில் காந்த வடக்குக்காகச் சில பாகைகள் கூட்ட வேண்டியிருக்கும். இப்போது அந்த வித்தியாசம் இங்கே ஏறத்தாழ இல்லை. எழுந்து நின்று திசைகாட்டியை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முள் தன் இடத்தில் வந்து உட்காரும்வரை உடம்போடு திரும்பினார். வடகிழக்கு.

“சட்டைப் பையில் செல்போன் இருக்கிறதா?” என்று கேட்டேன். இருந்தது. போனிலும் அதன் உறையிலும் உள்ள காந்தம் முள்ளை இழுக்கும். பல நாள் ஒட்டியே கிடந்தால் வடக்கும் தெற்கும் மாறிப் போனாலும் போகும். போனை எடுத்து முதுகுப்பைக்குள் போட்டுவிட்டு மறுபடி திசை பார்த்தார். பிறகு அந்தத் திசையில் வெள்ளைப் படிகக் கீற்று ஓடிய ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தார். அதுவரை நடந்தார். அங்கிருந்து அடுத்த கல். திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் விலகும். கல்லைப் பார்த்து நடந்தால் விலகாது. எட்டுகளை உதட்டுக்குள் எண்ணினார். இறக்கத்தில் எட்டின் நீளம் மாறும் என்பதால் நூறு மீட்டருக்கு ஐந்து எட்டுக் கூட்டிவைத்திருந்தார். ஒவ்வொரு நூறு முடிந்ததும் தோள்பட்டைக் கயிற்றில் கோத்த மணி ஒன்றைக் கீழே தள்ளினார்.

பாதி வழியில் நின்று, பின்னால் இருந்த எங்களைப் பார்த்து, “கணவாய் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அருகில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சம உயரக் கோடுகள் விலகிக்கொண்டே போகின்றன. தரை தட்டையாகும். இரண்டு பக்கமும் சரியும். தாண்டிப் போய்விட்டால் எதிரில் நிலம் ஏறும்.” அப்படியே நடந்தது. ஏறத்தாழ 220 மீட்டர் இறங்கியதும் தரை தட்டையானது. இன்னும் ஐம்பது எட்டு வைத்துப் பார்த்தார். காலடியில் நிலம் ஏறத் தொடங்கியது. திரும்பி வந்து நடுவில் நின்றார். “இதுதான் மாம் பான்,” என்றார். அவர் குரலில் சந்தேகமே இல்லை.

அங்கே காற்று வேகமாக அடித்தது. எங்களோடு வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர், காலையிலிருந்து நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவர், கொஞ்ச நேரமாக வாயைத் திறக்கவில்லை. மழைச் சட்டையின் ஜிப் பாதி திறந்து கிடந்தது. அதை இழுத்து மூடவும் அவருக்குத் தோன்றவில்லை. உடல் வெப்பம் குறையும்போது முதலில் தளர்வது கை விரல்களும் கவனமும்தான். தடுமாற்றம், குழறல், எரிச்சல் எல்லாம் அதைத் தொடர்ந்து வரும். நடுக்கம் நின்றுபோகும் நிலை வரை விட்டால் மிகவும் ஆபத்து. பனிக்காலத்தில் மட்டும்தான் இப்படி ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். மே மாதத்து மழையும் காற்றும் ஈரப் பருத்திச் சட்டையும் போதும்.

என் முதுகுப்பையில் எப்போதும் ஒரு குழுக் குடில் இருக்கும். கம்பம் இல்லாத, பெரிய துணிப்பை போன்றது; எல்லாரும் தலைக்கு மேல் இழுத்துப் போட்டு, விளிம்பை அடியில் மடித்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். இருப்பதில் பெரியது வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டு பேரின் மூச்சில் இரண்டு நிமிடத்தில் உள்ளே கதகதப்பு வந்துவிடும். அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றி, ஒருவர் தன் உலர்ந்த கம்பளிச் சட்டையையும் இன்னொருவர் தொப்பியையும் கொடுத்தார்கள். சூடான தேநீர், இரண்டு கை நிறையப் பேரீச்சை. கால் மணி நேரத்தில் நிறம் திரும்பியது, பேச்சும் திரும்பியது. மேலே போவதா, வடக்கே ஏரிப் பக்கம் இறங்கிவிடுவதா என்பதைக் குடிலுக்குள்ளேயே பேசினோம். முதலில் அவரைக் கேட்டோம். பிறகு கணக்கைப் பார்த்தோம். நேரம் மிச்சம் இருந்தது. காற்று நம் முதுகுக்கு வரும். அவரை முன்னால் இரண்டாவதாக நடக்கவிட்டுப் போகலாம் என்று முடிவானது. அந்த முடிவை அறிவித்தது செவிலியர். நான் தலையாட்டினேன்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு 1971 நவம்பரைப் பற்றிச் சொல்வேன். எடின்பரோவிலிருந்து கெய்ர்ன்கோர்ம் பீடபூமிக்குப் போன பள்ளிக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. அவர்கள் தேடிப்போன சிறு குடிலை எட்ட முடியவில்லை. வெட்ட வெளியில் இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும், உதவிக்கு வந்த ஓர் இளம் பெண்ணும் இறந்துபோனார்கள். பிரிட்டனின் மலை வரலாற்றில் இதைப் போன்ற துயரங்கள் குறைவு. மாணவர்களை மலைக்குக் கூட்டிப் போகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகு யாராலும் தள்ளிவிட முடியாததாகிவிட்டது. இன்று மலை வழிகாட்டி சான்றிதழ் வாங்க, பயிற்சிக்கு முன் குறைந்தது 20 நாள், தேர்வுக்கு முன் குறைந்தது 40 நாள் தரமான மலை அனுபவத்தைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். தேர்வில் இரவில் வழி கண்டுபிடிப்பதும் உண்டு. அந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்ததைச் சான்றிதழுக்குப் போகாதவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

ஸ்கோர் கைரே உச்சியில் எதுவும் தெரியவில்லை. யாரும் வருத்தப்படவில்லை. எங்கே நிற்கிறோம் என்று பன்னிரண்டு பேரும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள். பன்னிரண்டு விரலும் ஒரே இடத்தில் இருந்தன. ஏரியின் கிழக்கு முனைக்கு இறங்கி, கரையோர வண்டித்தடம் வழியாக விடுதிக்குத் திரும்பினோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேசையில் வரைபடத்தை விரித்து, ஒவ்வொருவரும் தாம் வழிநடத்திய துண்டைச் சொன்னார்கள்: எந்தத் திசை, எத்தனை எட்டு, எதைப் பார்த்து இடத்தை உறுதி செய்தேன். கிளப் பயணங்களில் இந்த ஒரு மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. மலையில் கால் கற்றதை மேசையில் வாய் சொன்னால்தான் அது தங்கும்.

ஞாயிறு, ஏரிக்கு வடக்கே பென் ந லாப். 935 மீட்டர், போக வர 10 கிலோமீட்டர், மன்ரோக்களில் எளிதானவற்றில் ஒன்று. மாலை ரயிலைத் தவறவிட்டால் வேறு வழியில்லை என்பதால், எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்தோம். வானம் திறந்திருந்தது. மேற்கே பென் நெவிஸ், கீழே லோக் ட்ரெய்க் நீர்த்தேக்கம், தெற்கே ரானோக் சமவெளி முழுவதும் விரிந்து கிடந்தது. ஆனால் எல்லாரும் பார்த்தது ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த முகட்டைத்தான். முதல் நாள் கண்ணால் பார்க்காமல் கடந்த நிலம் முழுவதும் எதிரில் நின்றது. செவிலியர் வரைபடத்தை நிலத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, மாணவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: கோடுகள் நெருங்கிய இடம் அந்தச் செங்குத்துச் சரிவு, விலகிய இடம் அந்தத் தட்டைக் கணவாய். நான் அருகில் போகவில்லை. அங்கே எனக்கு வேலை இல்லை.

ஸ்காட்லாந்துக்கு வரும் தமிழ் நண்பர்கள் எந்த மலைக்குப் போகலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். எந்த மலைக்கும் போகலாம். உரிமை எல்லாருக்கும் இருக்கிறது. போவதற்கு முன் மலை வானிலை அறிக்கையைப் படியுங்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பருத்தி உடை வேண்டாம். விசில் ஒன்று வையுங்கள்: ஆபத்தில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஊத வேண்டும். 999-ஐ அழைத்து முதலில் போலீஸையும், அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். தேடி வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்; நள்ளிரவில் தங்கள் படுக்கையை விட்டு எழுந்து வருவார்கள்; ஒரு பைசா கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை, வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டு போவதுதான்.

கற்றுக்கொள்ள ஒரு கிளப்பில் சேருங்கள். சேர்ந்த முதல் நாளே வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்னொருவரின் பின்னால் நடந்தே ஆயுள் முழுவதும் கழித்துவிட முடியும்; அது வசதியாகவும் இருக்கும். ஆனால் அப்படி நடப்பவருக்கு மலை அந்த இன்னொருவர் இருக்கும்வரைதான். டோரிடனுக்குப் போகும் எங்கள் அடுத்த பயணத்துக்குப் பாதையைக் குறித்து நேரக் கணக்குப் போட்டு அனுப்பியிருப்பவர் அந்தச் செவிலியர். புதிதாகச் சேர்ந்த இருவருக்கு மாம் பானில் செய்ததைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.